ஜனரஞ்சக அரசியலும் செட்டிநாட்டுத் தொழில்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரங்களில் கடை, பட்டறை, விடுதி, நிதி நிறுவனம் நடத்துவோர் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ இப்பதில்கள் எழுதப்படவில்லை. அரசியலின் போக்கால் ஒரு தலைமுறையின் சேமிப்பு முழுவதையும் இழந்த வட்டாரம் இது என்பதால், அந்த அனுபவத்தை இன்றைய தொழில்முனைவோர் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம்.

ஜனரஞ்சக அரசியல் என்று எதைச் சொல்கிறோம்? ஏழைகளுக்கான நலத்திட்டங்கள் எல்லாம் அதில் சேருமா?

சேரா. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டபோது, வாக்குக்காகச் செய்யும் வீண் செலவு என்று அதைக் குறைகூறியவர்கள் பலர். அந்தச் சோற்றை உண்டு பள்ளிப்படிப்பை முடித்தவர்கள்தாம் இன்று நம் கடைகளில் கணக்கு எழுதுகிறார்கள், பட்டறைகளில் இயந்திரம் ஓட்டுகிறார்கள். அரசு மக்களுக்குச் செலவிடுவதை மட்டும் வைத்து ஓர் அரசியலை ஜனரஞ்சகம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஜனரஞ்சக அரசியலை அடையாளம் காட்டுவது அதன் வாதம். நாட்டு மக்கள் அனைவரும் ஒரே மனத்தினர், அவர்களுடைய துன்பத்துக்குக் காரணம் ஒரு சிறு கூட்டம், மக்களின் உண்மையான குரல் தலைவர் ஒருவரே, ஆகவே நீதிமன்றமோ மத்திய வங்கியோ துறை வல்லுநரோ அவருக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்பது அந்த வாதம். இதை வலதுசாரியும் பேசலாம், இடதுசாரியும் பேசலாம். தொழில் நடத்துபவர் கவனிக்க வேண்டியது அந்தச் சிறு கூட்டமாக யாரைக் காட்டுகிறார்கள் என்பதை. இலவசமாக வழங்கப்படும் ஒரு பொருள் ஒரு சந்தையை மட்டுமே மாற்றும். ஒரு தொழிலை மக்களின் எதிரி என்று அறிவித்துவிட்டால், அத்தொழிலின் கடன், சொத்து, பாதுகாப்பு, நற்பெயர் அனைத்தும் ஒரே நேரத்தில் ஆட்டம் காணும்.

அப்படி ஒரு தொழில் எதிரியாக்கப்பட்டதற்கு நம் வரலாற்றில் சான்று உண்டா?

பர்மாவைவிடப் பெரிய சான்று தேவையில்லை. 1852-இல் கீழைப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்து, 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின், ஐராவதி வடிநிலக் காடுகள் திருத்தப்பட்டு உலகின் பெரிய அரிசி ஏற்றுமதிப் பகுதிகளுள் ஒன்றாயின. காடு திருத்திய உழவருக்கு முதல் வேண்டியிருந்தது. அந்த முதலைக் கொடுத்தவர்களில் முதன்மையானோர் செட்டிநாட்டிலிருந்து சென்ற நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். ஊரில் சேர்ந்த வைப்புத் தொகையை ரங்கூனுக்கும் மோல்மேனுக்கும் அனுப்பி, முகவரை வைத்து, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற வரிசையில் பயிற்சி கொடுத்து நடத்திய, கொண்டுவிற்றல் எனப்படும் வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழில் அது. உள்ளூர் லேவாதேவிக்காரர்களைவிடக் குறைந்த வட்டிக்கே பெரும்பாலும் கடன் கொடுத்தார்கள். நிலத்தை வாங்கி உழுவிப்பது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை, கொடுத்த பணம் வட்டியோடு திரும்பி வர வேண்டும் என்பதே கணக்கு.

1930-இல் உலகப் பொருளாதாரம் சரிந்து நெல் விலை பாதியளவுக்கு வீழ்ந்தது. கடன் வாங்கியவரால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. அடமானப் பத்திரத்தின்படி நிலம் கடன் கொடுத்தவர் பெயருக்கு மாறியது. பர்மாவின் 13 முக்கிய நெல் விளையும் மாவட்டங்களில் 1930-இல் நகரத்தார் வசம் இருந்தது சாகுபடி நிலத்தில் சுமார் 6 விழுக்காடு. 1937-இல் அது 25 விழுக்காடாயிற்று. பேரேட்டில் வராக்கடனாக நின்றதை ஊரறிய நிலவுடைமையாக்கியது இந்த ஏழாண்டு மாற்றம். விற்கலாம் என்றால் வாங்குவதற்கு ஆளில்லாத காலத்தில் கைக்கு வந்த நிலம் அது.

நெல்லின் விலையை அடக்கி வைத்ததில் பெரிய ஐரோப்பிய அரிசி ஆலைகளின் கூட்டுக்குப் பங்கு இருந்தது. உலகச் சந்தையின் வீழ்ச்சிக்கு உழவரும் காரணமல்லர், செட்டியாரும் காரணமல்லர். ஆனால் ஆலை முதலாளியை உழவர் கண்ணால் கண்டதில்லை. அவர் கண்டது தம் ஊரில் கடை வைத்திருந்து, பத்திரத்தை எடுத்துக் காட்டி, நிலத்தை எழுதி வாங்கிய அயல்நாட்டவரை. 1930-லும் 1938-லும் ரங்கூனில் இந்தியருக்கு எதிரான கலவரங்கள் வெடித்தன. 1937 ஏப்ரல் 1-ஆம் நாள் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டபின் சட்டமன்ற அரசியலும் அந்தத் திசையிலேயே நகர்ந்தது. 1941-இல் நிலம் தொடர்பான சட்டங்கள் வந்தன, 1942-இல் ஜப்பானியர் வந்தனர், விடுதலைக்குப்பின் 1948-இல் நில தேசியமயமாக்கல் சட்டம் வந்தது, 1962-இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றியபின் வங்கிகளும் கடைகளும் அடுத்தடுத்து அரசுடைமையாயின. கிடைத்த இழப்பீடு பெயரளவுக்கே.

சினத்தை மூட்டும் அரசியல், துன்பத்தின் உண்மையான காரணத்தைத் தேடிச் செல்வதில்லை. கண்ணுக்குத் தெரியும் முகத்தை அது பிடித்துக்கொள்கிறது. வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் கடைசி ஆளாக இருப்பவர் யாரோ அவர் மீதே அடி விழும். ஆலை, வங்கி, இடைத்தரகர், அரசு எனப் பல கைகள் சேர்ந்து உண்டாக்கிய விலைக்கும் வட்டிக்கும் கல்லாவில் அமர்ந்திருப்பவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை நம் தொழில்கள் இன்றும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் அன்று தப்பியவர்கள் எப்படித் தப்பினார்கள்?

சட்டம் வந்தபின் வழக்காடியவர்களால் அதிகம் மீட்க முடியவில்லை. சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே முதலை நகர்த்தியவர்கள் நிலைத்தார்கள். பள்ளத்தூர் முருகப்பச் செட்டியார் 1900-இல் மோல்மேனில் தொடங்கிய தொழில், 1930-களில் தன் முதலை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, லேவாதேவியிலிருந்து உற்பத்திக்கு மாறியது. 1949-இல் சென்னைக்கருகே தொடங்கிய சைக்கிள் தொழிற்சாலை அந்த மாற்றத்தின் விளைவு.

எம்.சிடி.மு. சிதம்பரம் செட்டியார் இன்னொரு வழியைக் கண்டார். 1937 பிப்ரவரி 10-ஆம் நாள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. தனிமனிதர் ஒருவரின் பேரேட்டில் நின்ற நம்பிக்கையைப் பங்குதாரர்களும் சட்டமும் தாங்கும் நிறுவனமாக மாற்றிய செயல் அது. அந்த வங்கியையும் 1969 ஜூலை 19 அன்று இந்திரா காந்தி அரசு வேறு 13 வங்கிகளுடன் தேசியமயமாக்கியது. கிராமங்களுக்கு வங்கி சென்று சேர அந்த முடிவு உதவியது என்பதை மறுக்க முடியாது. பெரிய முதலாளிகளுக்கு எதிரான மக்கள் உணர்வைத் திரட்டிக் கட்சிக்குள் எழுந்த போட்டியை வெல்லவும் அதே முடிவு பயன்பட்டது. ரங்கூனிலிருந்து வெளியேறியவர் சென்னையில் மட்டும் எல்லாவற்றையும் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அந்த நாளும் ஒரு பாடம்.

மூன்றாவது வழி கோட்டையூர் அழகப்பச் செட்டியாருடையது. 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைக் காரைக்குடிக்கு வரவழைத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் நிலையம் திறக்கப்பட்டது. அவர் தொடங்கிய கல்லூரிகளின் மீதே பின்னாளில் பல்கலைக்கழகம் எழுந்தது. தற்காப்புக்காக அவர் கொடுத்தார் என்று சொல்வது அவருக்கு இழைக்கும் அநீதியாகும். எனினும், பிழைக்கப்போன ஊரில் கடனும் வட்டியும் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தன என்பதையும், சொந்த ஊரில் பள்ளியும் ஊருணியும் கோயிலும் தெரிந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இலாபத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்து வைக்கும் வழக்கம் பர்மாவிலும் இருந்தது. ஆனால் அதன் பெரும்பகுதி அங்குள்ள நகரத்தார் கோயில்களுக்கும் செட்டிநாட்டுக்கும் சென்றது. பர்மிய உழவரின் பிள்ளை படிக்கும் பள்ளிக்கும் அது தாராளமாகச் சென்றிருந்தால் வரலாறு முழுவதும் மாறியிருக்கும் என்று சொல்ல மாட்டேன், முகம் கொஞ்சம் மாறியிருக்கும்.

கடன் தள்ளுபடி அறிவிப்புகள் நிதித் தொழிலை எப்படிப் பாதிக்கின்றன?

இதுவும் புதிதன்று. 1937-இல் பதவியேற்ற ராஜாஜி அமைச்சரவை 1938-இல் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முன் விவசாயி வாங்கிய கடனில் 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் நின்ற வட்டி முழுவதும் ரத்தாயிற்று. அசலைப்போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தப்பட்டிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. பர்மாவில் நிலம் முடங்கிக் கிடந்த அதே ஆண்டுகளில் உள்ளூர்க் கடனும் சுருங்கியது. ஆயினும் விலைவீழ்ச்சியால் நொறுங்கிப்போன விவசாயிக்கு அந்தச் சட்டம் மூச்சுவிட இடம் கொடுத்தது. அதை வெறும் ஓட்டு வேட்டை என்று நான் கருதவில்லை.

அண்மைக் காலத்தில் 2021 பிப்ரவரியில், சட்டமன்றத் தேர்தலுக்குச் சற்று முன்பு, கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகள் பெற்றிருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்பட்டது. அத்தேர்தலில் வென்ற கட்சி, கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரன் வரை வைத்த நகைக்கடனைத் தள்ளுபடி செய்வதாகச் சொல்லியிருந்தது. ஆட்சிக்கு வந்தபின் நிபந்தனைகளுடன் அதை நிறைவேற்றியது. தனியார் அடகுக் கடைக்கும் நிதி நிறுவனத்துக்கும் இவை நேரடியாகப் பொருந்தா. ஆனாலும் விளைவு உண்டு. தள்ளுபடி வரும் என்ற பேச்சு பரவிய மாதங்களில், கட்டக்கூடியவரும் காத்திருந்து பார்க்கிறார். நகையைத் தனியாரிடமிருந்து மீட்டுக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாற்றலாமா என்று கணக்குப் போடுகிறார். ஒழுங்காகத் தவணை கட்டியவர், கட்டாதவருக்குக் கிடைத்த சலுகையைப் பார்த்து மனம் வெறுக்கிறார். இந்த மனமாற்றம் ஒரு தேர்தலோடு முடிந்துவிடுவதில்லை.

இதற்கு நிதித் தொழில் செய்வோர் செய்யக்கூடியது, தேர்தலுக்கு ஓராண்டு முன்பே நீண்ட தவணைக் கடனைக் குறைத்துக்கொள்வதும், வசூல் முறையை நேர்மையாக வைத்திருப்பதும்தான். 2003-இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டமும், கடன் வசூலில் மிரட்டலையும் வற்புறுத்தலையும் தடுக்க 2025-இல் வந்த சட்டமும் சிலருடைய கொடுமையால் பிறந்தவை. வீட்டு வாசலில் நின்று அவமானப்படுத்தும் வசூல்காரர் ஒருவர் போதும், ஒரு வட்டாரத்தின் நிதித் தொழில் முழுவதும் குற்றக்கூண்டில் ஏறிவிடும். அப்படிப்பட்டவரைச் சங்கத்தில் வைத்துக்கொண்டு அரசைக் குறைசொல்வது நியாயமாகாது.

இலவசப் பொருள்களும் உதவித்தொகைகளும் நம் வியாபாரத்தைக் கெடுக்கின்றனவா?

எதை விற்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2006-க்குப்பின் இலவச வண்ணத் தொலைக்காட்சியும், 2011-க்குப்பின் மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் வழங்கப்பட்டபோது, அதே பொருள்களின் கீழ்விலை மாதிரிகளை விற்ற வீட்டுச் சாமான் கடைகளுக்கு விற்பனை குறைந்தது. பழுதுபார்ப்பவருக்கும் உதிரிபாகம் விற்பவருக்கும் வேலை கூடியது. 2013-இல் தொடங்கிய அம்மா உணவகம் 1 ரூபாய்க்கு இட்லி விற்றபோது, அது திறக்கப்பட்ட இடங்களில் சாலையோர இட்லிக் கடைக்காரர் பாதிக்கப்பட்டார், கோழிக் குழம்பும் நண்டு மசாலாவும் விற்கும் உணவகம் பாதிக்கப்படவில்லை.

பணமாகக் கொடுப்பது வேறுவகை. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின்படி, தொடக்கத்திலேயே ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் சேர்ந்தது. எந்தப் பொருளை எந்தக் கடையில் வாங்குவது என்பதை அரசு தீர்மானிக்காமல் அந்தப் பெண்மணியே தீர்மானிப்பதால், பணம் மளிகை, பள்ளிச் செலவு, மருந்து, சீட்டு என்று உள்ளூரிலேயே சுழல்கிறது. 2021 மே மாதம் முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபின், அந்த வழித்தடங்களில் ஓடிய தனியார் பேருந்துக்குப் பெண் பயணிகள் குறைந்தனர். சுற்றுக் கிராமங்களிலிருந்து காரைக்குடிக் கடைத்தெருவுக்கு வருவதோ அவர்களுக்கு எளிதாயிற்று. ஒரே திட்டம் ஒருவருக்கு இழப்பாகவும் அடுத்த கடைக்காரருக்கு வரவாகவும் அமைவதால், வணிகர் சங்கங்கள் இத்திட்டங்களை ஒரே குரலில் எதிர்ப்பதோ ஆதரிப்பதோ பொருந்தாது.

உண்மையான கேள்வி, செலவை யார் தாங்குகிறார் என்பது. வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம், விவசாயத்துக்கு முழுவதும் இலவசம். அந்த இடைவெளியின் ஒரு பகுதியைத் தொழில் இணைப்புகளும் வணிக இணைப்புகளும் கட்டணமாகச் சுமக்கின்றன. 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்ததற்குப்பின் நிலைக்கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் எதிர்த்துச் சிறு, குறுந்தொழில் சங்கங்கள் போராடியது இதனால்தான். ஏழைக்குக் கொடுக்காதே என்று சொல்லாமல், கொடுப்பதற்கான பணத்தை அரசுக் கருவூலத்திலிருந்து வெளிப்படையாகக் கொடு, அரைவை ஆலையின் மின்கட்டணத்தில் மறைத்து வைக்காதே என்று சொல்வதே தொழில்முனைவோர் நிற்க வேண்டிய இடம்.

ஆத்தங்குடிக் கல் பட்டறையிலும் பலகாரக் கூடத்திலும் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. இலவசங்களும் நூறு நாள் வேலையும்தான் காரணமா?

ஒரு பங்கு காரணம் என்று ஒப்புக்கொள்ளலாம். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த நூறு நாள் வேலை, கிராமத்தில் கூலிக்கு ஒரு தளத்தை அமைத்தது. ரேஷன் அரிசி 2011 முதல் விலையின்றிக் கிடைப்பதால், பசிக்காக எந்தக் கூலிக்கும் போக வேண்டிய நிலை ஏழைக் குடும்பங்களுக்கு இல்லை. இதை நான் குறையாகக் கருதவில்லை. ஒருவர் பசித்திருந்தால்தான் நம் பட்டறை ஓடும் என்றால், பட்டறையின் விலைக் கணக்கில்தான் பிழை இருக்கிறது.

கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து எடுக்கும் ஆத்தங்குடிக் கல் முழுவதும் கைவேலை. அந்தக் கைத்திறனுக்குச் சாதாரணக் கட்டடக் கூலியைவிட அதிகம் கொடுக்காதவரை இளையோர் வரமாட்டார்கள். காரைக்குடி கண்டாங்கிச் சேலை 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தக் குறியீட்டால் கூடும் விலையில் தறிக்காரருக்கு எவ்வளவு சேருகிறது என்று கேட்டால், நெசவாளர் ஏன் குறைகிறார்கள் என்பதற்கும் விடை கிடைக்கும். ஆள் பற்றாக்குறையை அரசியல்வாதியின் மேல் சுமத்திவிட்டுக் கூலியை அப்படியே வைத்திருக்கும் பட்டறை, சில ஆண்டுகளில் பூட்டிக்கொள்ளும்.

திடீர் வரி மாற்றங்களை எப்படிச் சமாளிப்பது?

2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டபோது, கருப்புப் பணக்காரருக்கு எதிரான மக்கள் போர் என்று அது முன்வைக்கப்பட்டது. ரொக்கத்திலேயே கூலி கொடுத்துவந்த சிறு பட்டறைகள்தாம் முதலில் நின்றன. 2025 ஆகஸ்ட் 15 அன்று ஜி.எஸ்.டி. குறைக்கப்படும் என்று பிரதமர் அறிவித்து, செப்டம்பர் 22-இல் அது நடைமுறைக்கு வந்தது. வரி குறைவது நல்ல செய்திதான். ஆனால் அந்த ஐந்து வாரங்களில், ஏ.சி.யும் சிமெண்டும் வாங்க இருந்தவர்கள் காத்திருந்தார்கள், கடைக்காரர்கள் பழைய வரி கட்டிய சரக்கோடு இருந்தார்கள்.

மலேசியாவிலும் இப்படித்தான் நடந்தது. 2018 மே தேர்தலில் வாக்குறுதி அளித்தபடி, புதிய அரசு 6 விழுக்காடு ஜி.எஸ்.டி.யை ஜூன் 1 முதல் பூச்சியமாக்கிவிட்டு, செப்டம்பர் 1 முதல் பழைய விற்பனை, சேவை வரியைத் திரும்பக் கொண்டுவந்தது. இடைப்பட்ட மூன்று மாதங்களில் விலைப்பட்டியலை ஒவ்வொரு கடையும் இருமுறை மாற்ற நேர்ந்தது. மூன்று மாதச் சம்பளத்துக்கும் வாடகைக்கும் போதிய பணத்தை எளிதில் எடுக்கும் நிலையில் வைத்திருப்பது, அறிவிப்புக் காலத்தில் சரக்கு இருப்பைக் குறைப்பது, ரொக்கக் கூலியை வங்கிக்கு மாற்றுவது ஆகியவற்றுக்கு மேல் இதற்குத் தனி மருந்து இல்லை.

வெளிநாட்டு அரசியல் நம்மை எட்டுமா?

எட்டுகிறது. 2018 ஜூனில் மலேசிய மனிதவள அமைச்சர், அடுத்த ஆண்டு தொடக்கத்திலிருந்து உணவகங்களில் உள்நாட்டுச் சமையல்காரர்களை மட்டுமே வைக்க வேண்டும் என்று அறிவித்தார். உணவகத்தார் கடுமையாக எதிர்த்தபின் அது கைவிடப்பட்டது. ஆனாலும் இங்கிருந்து சமையல் வேலைக்கு ஆள் அனுப்புவோருக்கும், செல்லக் காத்திருந்தோருக்கும் அந்த அறிவிப்பே அச்சத்தைத் தந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது மொத்தம் 50 விழுக்காடு வரி விதித்தபோது, திருப்பூர்ப் பின்னலாடையும் கரூர் வீட்டு ஜவுளியும் நேரடியாக அடிவாங்கின. அமெரிக்க வாங்குநர் ஒருவரை மட்டுமே நம்பியிருந்த கைவினைப் பொருள் ஏற்றுமதியாளரின் நிலையும் அதுவே.

கொழும்பு செட்டியார் தெருவை அறிந்த குடும்பங்களுக்கு இலங்கையின் அண்மை வரலாறு இன்னும் நெருக்கமானது. 2019 இறுதியில் மதிப்புக் கூட்டு வரி 15-இலிருந்து 8 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2021-இல் இரசாயன உர இறக்குமதி ஒரே ஆணையில் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே தடை விலக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட இயலாது என்று அந்நாடு அறிவித்தது. பெருந்தொற்றால் சுற்றுலா நின்றதும் ஒரு காரணம் என்றாலும், கேட்க இனிமையான இரு முடிவுகளுக்கு வணிகர் கொடுத்த விலை பெரிது.

மொத்தத்தில் ஜனரஞ்சக ஆட்சி பொருளாதாரத்தைப் பாதிக்கிறது என்பதற்கு ஆய்வு உண்டா?

உண்டு. ஃபுங்கே, ஷூலாரிக், டிரெபெஷ் என்ற மூன்று பொருளியல் அறிஞர்கள் 1900 முதல் 2020 வரை 60 நாடுகளின் வரலாற்றை ஆராய்ந்து 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஜனரஞ்சகத் தலைவர் ஆட்சிக்கு வந்த நாட்டில் 15 ஆண்டுகளுக்குப்பின் தலைக்குரிய உள்நாட்டு உற்பத்தி, அவர் வராமல் இருந்திருந்தால் எதிர்பார்க்கக்கூடியதைவிட ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவாக இருந்தது. வீழ்ச்சி உடனே தெரிவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் சில ஆண்டுகள் விற்பனை நன்றாகவே இருக்கலாம், அந்த ஆண்டுகளில்தான் பலர் கடன் வாங்கிக் கடையை விரிக்கிறார்கள்.

அரசுத் திட்டங்களுக்குப் பொருள் வழங்கும் ஒப்பந்தம் எடுக்கலாமா?

எடுக்கலாம், அளவோடு. 1983-இல் தொடங்கிய பொங்கல் இலவச வேட்டி, சேலைத் திட்டம் கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் ஆண்டுதோறும் வேலை கொடுத்து வருகிறது. கோவைக் கிரைண்டர் உற்பத்தியாளர்களுக்கு 2011-க்குப்பின் பெரிய கொள்முதல் வாய்ப்புகள் வந்தன. ஆட்சி மாறினால் திட்டம் நிற்கும், அல்லது பெயரும் அளவும் மாறும் என்பதை விரிவாக்கத்துக்குக் கடன் வாங்குவதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டும். விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அரசு கொள்முதலை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. சிறு, குறுந்தொழில்களுக்கான உதயம் பதிவு பெற்றிருந்தால், 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாள்களுக்குள் பணம் கிடைக்க வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி கோரலாம், அதற்கான அரசு இணையதளத்தில் முறையிடலாம்.

ஆளுங்கட்சிக்கு நெருக்கமாக இருப்பது பாதுகாப்பல்லவா? நன்கொடை கொடுத்தால் என்ன?

பாதுகாப்பாகத் தோன்றும், ஒரு தேர்தல் வரை. 2018-இல் வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தில், கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாது என்ற உறுதியை நம்பி நிறுவனங்கள் பெருந்தொகை கொடுத்தன. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தை அரசியலமைப்புக்கு முரணானது என்று ரத்து செய்தது. மார்ச் மாதத்தில் யார் வாங்கினார், எந்தக் கட்சி பெற்றது என்ற விவரம் முழுவதும் வெளியாயிற்று. மறைவாக வாங்கிய ஆதரவு ஒரே வாரத்தில் நாடறிந்த செய்தியானது.

கம்பெனிச் சட்டப்படி நன்கொடை கொடுப்பதென்றால், இயக்குநர் குழுத் தீர்மானத்துடன், ரொக்கமாக அல்லாமல் வங்கி வழியாக, கணக்கில் காட்டிக் கொடுக்க வேண்டும். சிறு கடைகளுக்கு வரும் வசூல் வேறு வகையானது. கோயில் திருவிழாவுக்குக் கொடுப்பதைப்போல் கட்சிக் கூட்டத்துக்கும் கேட்பார்கள், ஒருவருக்குக் கொடுத்தால் அடுத்தவரும் வருவார். எந்தக் கட்சிக்கும் தனி நன்கொடை கொடுப்பதில்லை என்ற சங்கத் தீர்மானத்தை எழுதிச் சுவரில் மாட்டிவைத்த கடைத்தெருவில் கடைக்காரருக்கு மறுப்பது எளிதாகிறது. நெருக்கத்தால் கிடைத்த உரிமம், அந்த நெருக்கத்தைக் காரணம் காட்டியே பறிக்கப்படும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

புறக்கணிப்புப் போராட்டம் வந்தால் கடைக்காரர் என்ன செய்வது?

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப்பின் தமிழக வணிகர் அமைப்புகள் மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று அறிவித்தன. தண்ணீர்ப் பஞ்சத்தில் வாடிய சிவகங்கை மாவட்டத்துக்கு, ஆற்றுநீரைக் குளிர்பானமாக்குவதன் மேல் எழுந்த சினத்தின் பொருள் நன்றாகவே புரியும். உள்ளூர் சோடா, பன்னீர் உற்பத்தியாளருக்கு அப்போது வாய்ப்பு வந்தது. தரமும் வழங்கல் ஒழுங்கும் இருந்தவருக்கே அந்த வாடிக்கை தங்கும். உணர்ச்சியால் வந்த வாடிக்கையாளர் ஒருமுறை வாங்குவார், அதன்பின் சுவையைப் பார்ப்பார்.

பெயர்ப்பலகையில் தமிழ் கட்டாயமா?

ஆம், தமிழே முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்பது நீண்ட காலமாக உள்ள விதி. தமிழ் இயக்கத்தார் வந்து கேட்கும்வரை காத்திராமல் வைத்துவிடுவது நல்லது.

தேர்தல் காலத்தில் சந்தைக்குப் பணம் கொண்டு செல்வது எப்படி?

நடத்தை விதி அமலில் உள்ள நாள்களில் 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமின்றி ரொக்கம் வைத்திருந்தால் பறக்கும் படை பறிமுதல் செய்யலாம். வங்கியில் எடுத்த சீட்டு, விற்பனைப் பட்டியல், சரக்குக் கோரிக்கை ஆகியவற்றின் நகல் வண்டியில் இருக்க வேண்டும். பறிமுதலானால் மாவட்ட அளவிலான முறையீட்டுக் குழுவிடம் ஆவணம் காட்டித் திரும்பப் பெறலாம். வாக்குப்பதிவு நாளில் பணியாளருக்குச் சம்பளத்துடன் விடுமுறை அளிப்பது சட்டக் கடமை. யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று முதலாளி சொல்லும் வழக்கம் எங்காவது இருந்தால் அதை இன்றே நிறுத்த வேண்டும்.

தொழில் செய்வோர் அரசியல் பற்றி வெளிப்படையாகப் பேசலாமா?

கொள்கையைப் பற்றிப் பேச வேண்டும். கட்சியைப் பற்றிப் பேசுவது அவரவர் சொந்த உரிமை, அதைக் கடையின் பெயரில் செய்ய வேண்டியதில்லை. தேர்தல் முடிந்து ஆணை வெளிவந்தபின் மனுக் கொடுப்பதைவிட, தேர்தல் அறிக்கைக் குழுக்கள் மாவட்டம் மாவட்டமாக வந்து கருத்துக் கேட்கும்போதே எல்லாக் கட்சிகளிடமும் ஒரே மனுவைக் கொடுப்பது பயன் தரும். அந்த மனு ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. எத்தனை பட்டறைகள், எத்தனை பேருக்கு வேலை, அவர்களில் பெண்கள் எத்தனை பேர், மின்கட்டணம் கடந்த ஆண்டும் இந்த ஆண்டும் எவ்வளவு, எந்த விதியை எப்படி மாற்ற வேண்டும் என்பவை மட்டும் அதில் இருக்க வேண்டும். முதலாளிகளின் கையெழுத்தோடு பட்டறையில் வேலை செய்பவர்களின் கையெழுத்தும் சேர்ந்திருந்தால், அந்த மனுவைச் சிறு கூட்டத்தின் கோரிக்கை என்று எவரும் தள்ளிவிட முடியாது. அவர்கள் கையெழுத்திடத் தயங்கினால், மனுவை ஒருநாள் தள்ளிவைத்து ஏன் தயங்குகிறார்கள் என்று அவர்களிடமே கேட்க வேண்டும்.